பலகைச் சீர்

“பாய், பனிமலையில ஏறி எறங்கற பலகை எங்க கெடைக்கும்?”

சாதுல்லா வாயருகே கொண்டுபோன டீயைத் திரும்பக் கீழே வைத்தார். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் முப்பது வருஷமாகத் தார்ப்பாயும் கயிறும் சாக்கும் விற்கிறவர் அவர். எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டு வந்திருக்கிறார்கள். ஆனி மாத வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் பனிக்குப் பலகை கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

“ஏணி கேக்கறியா தொர?”

“ஏணி இல்ல பாய், பலகை. நீளவாக்குல ரெண்டா பிரியும். காலுக்கு ஒண்ணா மாட்டிக்கினு மலைமேல ஏறணும். உச்சிக்குப் போயி ரெண்டையும் ஒண்ணா சேத்து, அதும்மேல நின்னு சறுக்கிக்கினு வரணும்.”

“யாரு, நீயா?”

“என் தங்கச்சி பொண்ணு பாய். ஜெயசுதா. கனடாவுல இருக்குதே.”

“அப்படிச் சொல்லு” என்று சாதுல்லா நிம்மதியாக டீயை எடுத்துக்கொண்டார்.

தங்கதுரைக்குக் கச்சிராயபாளையத்தில் கரும்புச் சாகுபடி. வயது ஐம்பத்தாறு. பனிக்கட்டி என்ற ஒன்றை அவர் மீன்காரரின் பெட்டியில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் தாய்மாமன் என்று ஒரு பதவி இருக்கிறதே, அது மனுஷனைச் சும்மா விடாது. ஆவணியில் ஜெயசுதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரவீன்குமார் வடக்கனந்தல் பையன், அவனுக்கும் கனடாவில்தான் வேலை. தாலி கட்டுவது மட்டும் கள்ளக்குறிச்சி மண்டபத்தில். இருபத்தொரு தட்டுச் சீர் என்று தங்கதுரை முன்னாடியே முடிவுகட்டிவிட்டார். பட்டு, பழம், வளையல், வெல்லம் எல்லாம் ஊர் வழக்கப்படி. “அதில்லாம உனக்குன்னு ஆசையா ஒண்ணு கேளு கண்ணு, மாமன் கொண்டாறேன்” என்று போனில் சொன்னார்.

அந்தப் பெண் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. ஸ்ப்ளிட்போர்டு. கூடவே ஒரு லிங்க். அதன்கீழே ஏறுகிற ஆளின் அளவு: உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை அறுபத்து மூன்று கிலோ, பலகை நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர். ‘லிங்க்கைத் தொட்டா இங்க வீட்டுக்கே வந்துடும் மாமா’ என்று குரல் பதிவு வேறு.

“தொட்டுட்டுப் போவ வேண்டிதுதான?” என்றார் சாதுல்லா.

“பாய், ஒரு தபா ஆள் மூலமா குடுத்தனுப்பி நான் பட்டது போதும்.”

அந்தக் கதை சாதுல்லாவுக்குத் தெரியும். எலவனாசூர்கோட்டையில் ஜெயசுதாவுக்குக் காது குத்து. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அன்று காலை பார்த்து ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தது. அதை விட்டால் நிற்கிற கரும்பு காய்ந்து சக்கையாகிவிடும். தங்கதுரை கம்மலை மஞ்சள் துணியில் முடிந்து, தெரிந்த பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு வெட்டுக்கு நின்றார். கம்மல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. குழந்தைதான் யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்து அழுதது.

தங்கை அமிர்தம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அடுத்த வருஷம் புருஷனோடு கனடா போய்விட்டாள். இருபத்தைந்து வருஷமாக அண்ணனிடம் அவள் பேசுவதெல்லாம் ‘நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வெச்சிடட்டுமா’ மட்டும்தான். நடுநடுவே ஊருக்கு வந்தபோதும் இதையேதான் நேரில் சொன்னாள், கடைசியில் உள்ள ‘வெச்சிடட்டுமா’வை மட்டும் விட்டுவிட்டு.

“அன்னிக்குக் கண்டக்டரு, இன்னிக்கு லிங்க்கா?” என்றார் தங்கதுரை. “என் கையால தூக்கிக்கினு போயி அவ முன்னாடி வெக்கணும் பாய். அவ வாயத் தொறந்து என்கிட்ட நாலு வார்த்தை பேசணும்.”

சாதுல்லா டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் போனை எடுத்தார். “மொதல்ல அது இன்னா எழவுன்னு பாப்பம், வா.”

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் பலகையை இரண்டாகப் பிரித்தான். காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, வெள்ளை மலையில் மூச்சு வாங்க ஏறினான். ஒரு மணி நேரம் ஏறினானாம். உச்சியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, கண் மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிட்டான்.

“இம்மாங் கஷ்டப்பட்டு ஏறி, இவ்ளோ சீக்கிரம் எறங்கறானே. பைத்தியமா இவன்?” என்றார் சாதுல்லா.

தங்கதுரை சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“பாய், இது எங்க வண்டிப் பலகை.”

தங்கதுரையும் அமிர்தமும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கல்வராயன் மலையடிவாரத்தில் அவர்கள் அப்பாவுக்கு ஒரு கொல்லை இருந்தது. அதற்கு மேலே மாடு மேய்கிற சரிவு. தை மாசியில் புல் காய்ந்து, எண்ணெய் தடவினாற்போல வழுக்கும். மாட்டு வண்டியிலிருந்து கழன்ற பக்கப் பலகை ஒன்று நடுவில் பிளந்து வீட்டில் கிடந்தது. முழுசாக இருந்தால் இரண்டு பிள்ளைகளால் தூக்க முடியாது. பிளந்தது நல்லதாகப் போயிற்று. ஆளுக்குப் பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். உச்சியில் இரண்டையும் சேர்த்துத் தங்கதுரை கயிறு போட்டுக் கட்டுவார். முன்னால் அமிர்தம், பின்னால் அவர். குதிகாலை ஊன்றி பிரேக் போடுவது அவர் வேலை. போடாதே என்று கத்துவது அவள் வேலை. கீழே வந்து விழுந்ததும் முட்டியில் ரத்தம் வருகிறதா என்றுகூடப் பார்க்க மாட்டாள். ‘இன்னொரு தபா ண்ணா’ என்று தன் பாதியை இழுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். பொழுது சாயும்வரை அந்த இன்னொரு தபா ஓயாது. அப்படிப் பேசின வாய்தான் இப்போது மூன்றே பேச்சில் நின்றுவிட்டது.

“அவ பொண்ணுக்கும் அதே புத்தி பாரு பாய்” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாதுல்லாவுக்கு வழி கிடைத்தது. வருஷா வருஷம் மார்கழியில் அவர் கடை வாசலில் மூட்டையை இறக்கிச் சால்வை விற்கிற காஷ்மீர்க்காரர் ஒருவர் உண்டு. குல்மார்க் பக்கத்து ஆள். அவரைப் போனில் பிடித்து உருதுவில் பேசினார். வெளிநாட்டுக்காரர்கள் சறுக்க வருகிற இடம்தான், பலகை விற்கிற கடை தெரியும், வாங்கி லாரியில் போட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னார்.

“தோலு வேணுமான்னு கேக்கறாரு தொர.”

“இன்னா தோலு?”

“ஏறும்போது பின்னால வழுக்காம இருக்க அடியில ஒட்டறதாம். ஆட்டு முடியில நெய்ததாம்.”

“வேணும்னு சொல்லு. சீருல கொறை வெக்கக் கூடாது.”

“நீளம் கேக்கறாரு. நூத்தி நாப்பத்தாறுதான?”

இங்கேதான் தங்கதுரைக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. போனில் இருந்த நிச்சயதார்த்தப் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். ஜெயசுதா தன் அம்மாவைவிட ஒரு தலை உயரம். உடம்பு கரும்புச் சோகை மாதிரி.

“அஞ்சடி ஒரு அங்குலமா இது? அறுபத்தி மூணு கிலோவா? மழையில நனைஞ்சிக்கினு வந்து ஏறினாகூட அம்பதத் தாண்டாதே பாய்.”

“பொண்ணையே கேட்டுடு.”

கேட்டார். ஜெயசுதா “ஒரு நிமிஷம் மாமா” என்றாள். பின்னால் ஏதோ கிசுகிசுப்பு. “எழுதினதுதான் மாமா, கரெக்ட்” என்றாள்.

தங்கதுரை போனை வைத்துவிட்டு எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். “பக்கத்துல மாப்ள இருக்கறான். கல்யாணப் பொண்ணு பாரு, நெட்டை ஒல்லின்னு சொல்லிடுவானோன்னு ஒசரத்தக் கொறச்சி, எடையக் கூட்டிச் சொல்லுது. ஒசரத்துக்குத் தகுந்த மாரி நூத்தி அம்பத்தெட்டு போடு பாய். வளர்ற பொண்ணு, கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கட்டும்.”

“இருபத்தாறு வயசுல இன்னாத்த வளரப் போவுது?” என்று கேட்டுக்கொண்டே சாதுல்லா நூற்று ஐம்பத்தெட்டைச் சொன்னார்.

ஆடி முடிகிற நேரத்தில் பெட்டி லாரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. தங்கதுரை அதைத் தானே பைக்கின் பின்னால் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் வரைக்கும் எதிரே வந்த டவுன் பஸ்ஸையெல்லாம் ஓரங்கட்ட வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவர் மனைவி நிர்மலா பெட்டியைப் பிரித்தாள். பிரித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னாங்க, ரெண்டா ஒடஞ்சில்ல கெடக்குது.”

“ஒடையல. பிரியும், சேரும். இதோ பாரு.” கொக்கியை மாட்டிக் காட்டினார். கழற்றிக் காட்டினார். ரொம்பப் பெருமையாக மூன்று தடவை காட்டினார்.

நிர்மலா அசையவில்லை. “கல்யாணச் சீருல போயி ரெண்டா பிரியற பொருள வெப்பாங்களா? வடக்கனந்தல் சனம் இன்னா பேசும்? தாய்மாமன் வெச்ச சீரே பிரியறதாச்சேன்னு நாளைக்கி ஒரு பேச்சு வந்தா, அமிர்தம் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?”

தங்கதுரை கொக்கியைக் கையிலிருந்து விட்டார். பனியைப் பற்றி யோசித்தவர் சம்பந்தியைப் பற்றி யோசிக்கவில்லை.

இதற்கிடையில் அந்தத் தோல். நிர்மலா அதைக் கால்மிதி என்று நினைத்துவிட்டாள். அடியில் இருந்த காகிதத்தை உரித்தாள், நன்றாகக் காயட்டுமென்று பசைப் பக்கத்தை மேலே போட்டு வாசலில் விரித்தாள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கோழிக்குஞ்சு அதன்மேல் நடுவழியில் நின்றுகொண்டிருந்தன. போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. தாய்க்கோழி சுற்றிச் சுற்றி வந்து ஊரைக் கூட்டியது. தேங்காய் எண்ணெய் விட்டுக் குஞ்சுகளை எடுத்தார்கள். எண்ணெய் போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். குஞ்சுகள் பிழைத்தன. பசை பிழைக்கவில்லை.

“ஆட்டு முடிதான, வாசனையாவாவது இருக்குது” என்று தங்கதுரை தன்னைத் தேற்றிக்கொண்டு ஆசாரி முனியனைக் கூப்பிட்டனுப்பினார்.

முனியன் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “சேரணும், அவ்ளோதான ண்ணா? பிரியக் கூடாது?”

“பிரியக் கூடாது. அப்பறமா அங்க போயி அவங்க கழட்டிக்கட்டும்.”

பின்பாதி முனியன் காதில் ஏறவில்லை. பசையைக் காய்ச்சி இடுக்கில் ஊற்றினார். குறுக்கே இரும்புப் பட்டை வைத்து ஆறு போல்ட் இறக்கினார். கொக்கிகள் இடைஞ்சலாக இருந்ததால் உளியால் பெயர்த்து எடுத்துவிட்டார். “இனிமே யானை ஏறி நின்னாலும் பிரியாது” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, சென்னை வந்து இறங்கிவிட்ட ஜெயசுதா போன் செய்தாள்.

“மாமா, போர்டு வந்துடுச்சா?”

“வந்துடுச்சி கண்ணு. கல்லு மாரி இருக்குது.”

“ரெண்டா பிரியுதான்னு மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க மாமா. அதுதான் முக்கியமாம். பிரியலைன்னா மலை ஏறவே முடியாதாம்.”

தங்கதுரை போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே முனியன் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.

போல்ட்டு கழன்றது. பட்டை கழன்றது. பசை கழலவில்லை. யானைக்கே அசையாத பசை. சுத்தியலால் தட்டினார்கள், கடப்பாரையால் நெம்பினார்கள். கடைசியில் முனியன் ரம்பத்தை எடுத்து நெடுக அறுத்தார். நேர்கோடு அறுப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நல்ல பேர். அன்றைக்குப் பார்த்துப் பாதி வழியில் வெற்றிலைக்கு நிறுத்தினார், அந்த இடத்தில் கோடு கொஞ்சம் சாய்ந்துபோயிற்று.

இப்போது பலகை இரண்டாகப் பிரிந்தது. சேரத்தான் வழியில்லை. கொக்கி இல்லை. ஆறு ஓட்டை இருந்தது. ஓரமெல்லாம் ரம்பப் பல். தங்கதுரை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கண்டக்டர் கையிலயே குடுத்திருக்கலாம் பாய்” என்றார், விஷயம் கேட்டு ஓடிவந்த சாதுல்லாவிடம். “அன்னிக்குப் போவல. நாளைக்குப் போயும் அசிங்கப்படப் போறேன். இனிமே அந்த மூணு பேச்சும் பேச மாட்டா.”

சாதுல்லா பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து வைத்தார். நைலான் கயிறு அல்ல, நல்ல பருத்திக் கயிறு. கடைக்காரருக்கு எந்த நேரத்துக்கு எது என்று தெரியும்.

தங்கதுரை இரண்டு பாதியையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். கயிறு தானாகப் போயிற்று. முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று, இடப்பக்கத்தில் முடிச்சு. நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் கை ஒன்றையும் மறக்கவில்லை.

மறுநாள் மேளம் முன்னால் போக, இருபத்தொரு தட்டும் வரிசையாகப் போயின. கடைசியாகத் தங்கதுரை, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு. மேலே ஒரு பட்டுத் துண்டு. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால் மண்டபத்து வாசலில் ஒருக்களித்து நுழைய வேண்டியிருந்தது.

“ஊஞ்சப் பலகையா? சங்கிலி எங்க?” என்றது ஒரு குரல்.

“இஸ்திரி போடறதுக்கு மாமா. அங்கல்லாம் நின்னுக்கினேதான் போடுவாங்களாம்” என்று இன்னொரு குரல் விளக்கம் சொன்னது.

தங்கதுரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அமிர்தத்தின் முன்னால் பலகையை இறக்கி வைத்தார். பட்டுத் துண்டு சரிந்து விழுந்தது. ஆறு ஓட்டையும், கோணல் கோடும், கயிறும் மண்டபத்து லைட்டில் நன்றாகவே தெரிந்தன.

“அம்மாடி, கையால கொண்டாரணும்னுதான் நான்...” என்று ஆரம்பித்தார்.

அமிர்தம் குனிந்தாள். பட்டுப்புடவை கசங்குவதைப் பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்தாள். விரலால் முடிச்சைத் தொட்டாள். ஒரு பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“இன்னும் எடப்பக்கந்தான் முடிச்சு போடறியா ண்ணா?”

தங்கதுரை தலையாட்டினார்.

“வெட்டு ஆர்டரு ஒண்ணும் வரலியா இன்னிக்கி?”

“வந்துது. போவட்டும்னு உட்டுட்டேன்.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பலகையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “நீளம் ரொம்ப ஜாஸ்தி ண்ணா. ரெண்டு பேரு ஒக்காரலாம்.”

அதற்குள் யாரோ சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டார்கள். அமிர்தம் எழுந்தாள். போகும்போது பலகையின் ஒரு முனையைக் காலால் லேசாகத் தள்ளி, அது மொசைக் தரையில் எப்படி வழுக்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இருபத்தைந்து வருஷத்துப் பேச்சு ஒரே மூச்சில் வந்ததில் தங்கதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் கொடுத்த பொருள் ஆளுக்கு ஆகவில்லையென்றால் அது என்ன சீர்? அந்த நீளம் மனசை அரித்தது. மணமேடைப் பக்கம் ஒதுங்கி நின்ற ஜெயசுதாவிடம் போனார். மாப்பிள்ளையும் கூட நின்றிருந்தான். முறைப்படி அவன் தங்கதுரையைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான்.

“கண்ணு, மாமன் மேல கோச்சுக்காத. நீ எழுதின அளவ நான் நம்பல. ஒசரமான பொண்ணாச்சேன்னு பெருசா வாங்கிட்டேன். நீ இதுல ஏறி, மலையிலேந்து எறங்கும்போது எதனா ஆயிடுமோன்னு இருக்குது.”

ஜெயசுதா அம்மா போன திசையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரவீன்குமாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பெரியப்பா, மாடிப்படி எறங்கறதுக்கே கம்பியப் புடிச்சிக்கினு எறங்கற ஆளு இவ. பனி உழுந்துதுன்னா வாராவாரம் மலையேறி சறுக்கிக்கினு வர்றது எங்க அத்தைதான், உங்க தங்கச்சி.”